துருவும் தூள்பூச்சும்

இரும்புக்குத் துரு உடன்பிறந்த பகை. சமவெளியில் நெடுநாள் நிலைக்கும் கீலும் தாழ்ப்பாளும், சேர்வராயன் மலைமேல் ஏறிய பின் விரைவிலேயே செந்நிறப் பொருக்காய் உதிர்தலை ஏற்காட்டில் வாழ்வார் அறிவர். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே அமைந்த அவ்வூரில், மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இரும்பை நனைத்துவிடும். 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்த நாள்தொட்டு, தோட்டத்துப் பொறியும் வேலிக் கம்பியும் வாயிற்கதவுமாக இரும்பு மலையேறி வந்துகொண்டே இருக்கின்றது. துருவும் அதனைத் தொடர்ந்தே வருகின்றது.

இத்துருவைத் தடுக்க இந்நாளில் வழங்கும் சிறந்த முறைகளுள் ஒன்று, பட்டறைகளில் 'பவுடர் கோட்டிங்' எனப்படும் தூள்பூச்சு. அதனைச் சிறு அளவில் இல்லத்திலேயே செய்துகொள்ளற்குரிய அடுப்பை அமைக்கும் முறையை ஈண்டுக் கூறப்புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்குப் பட்டறைப் பொருள் எற்றுக்கு எனின், எம் தாய்மாமன் இல்லம் ஏற்காட்டில் உளது. இரண்டு விடுமுறைகளில் அவரோடு கூடி இத்தொழிலில் இறங்கி, ஒருமுறை தோற்று, மறுமுறை ஒருவாறு தேறினோம். எம் தோல்வி பிறர்க்குப் பயன்படுதல் கூடும் என்பதே இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம்.

தூள்பூச்சாவது யாது?

சாதாரண வண்ணப்பூச்சில் நிறப்பொருளும் பிசினும் ஒரு திரவத்திற் கரைந்தோ கலந்தோ இருக்கும். பூசிய பின் அத்திரவம் ஆவியாகிக் காற்றிற் கலந்துவிட, எஞ்சியது படலமாய் ஒட்டும். தூள்பூச்சிலோ திரவமே இல்லை. பிசினும் நிறமும் கலந்து மாவினும் நுண்ணிதாய் அரைக்கப்பட்ட தூளுக்கு, 'கன்' எனப்படும் தூவு கருவி மின்னேற்றம் தருகின்றது. ஆலைகளில் வழங்கும் கருவிகள் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை மின்னழுத்தம் உடையன. இல்லத்திற்குரிய சிறு கருவிகளில் இது மிகக் குறைவு. பூசப்படும் உறுப்பை மண்ணோடு இணைத்திருப்பின், அஃதாவது 'எர்த்து' செய்திருப்பின், மின்னேற்றம் பெற்ற தூள் அதனை நாடிச் சென்று பற்றிக்கொள்ளும். சீப்பைத் தலையிற் கோதியபின் காகிதத் துணுக்குகள் அதனைப் பற்றுதல் போல்வது இது.

பற்றிய தூளை விரலால் துடைத்தாலும் போய்விடும். அதனைச் சுட்டால்தான் நிலைபெறும். சூட்டில் தூள் முதற்கண் உருகி ஒன்றோடொன்று கலந்து வழவழப்பான படலமாகும். பின்னர் அதன் மூலக்கூறுகள் வலைபோற் பின்னிக்கொண்டு இறுகும். இறுகிய பின் மீண்டும் சுட்டாலும் உருகாது. குயவர் வனைந்த பசுங்கலம் நீரிற் கரையும். சூளையில் வெந்தபின் அதே கலம் நீரைத் தாங்கும். தூள்பூச்சுக்கும் அடுப்புக்கும் உள்ள உறவு இத்தகையதே.

ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் 1950களின் முற்பகுதியில், காற்றால் மிதக்கவைத்த தூட்படுகையில் சூடேற்றிய உறுப்பைத் தோய்க்கும் முறையை வகுத்தார். மின்னேற்றித் தூவும் முறை 1960களில் பரவிற்று. இன்று நம் நகரங்களிற் காணும் அலுமினியச் சன்னற் சட்டங்கள் பலவும் இப்பூச்சைப் போர்த்தே நிற்கின்றன. அலுமினியத்திற்கும் எம் மலைக்கும் ஓர் உறவும் உண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டுக் கல்லை, மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய மதராஸ் அலுமினியக் கம்பெனி உலோகமாக்கி வந்தது. அவ்வாலையில் அலுமினிய உற்பத்தி 2008இல் நின்றுவிட்டது.

முதல் தோல்வி

முதல் விடுமுறையில் பன்னிரண்டு சன்னற் கொக்கிகளுக்குப் பூச்சிட்டோம். அடுப்பு வேண்டுமே என்றபொழுது, சமையலறையில் எம் பாட்டியார் கேக்குச் சுடும் சிறு மின்சார ஓவனையே எடுத்துக்கொண்டோம். கொக்கிகளைச் சோப்பு நீரிற் கழுவி, திண்ணையில் உலர்த்தி, தூவி, ஓவனின் முள்ளை 200இல் நிறுத்தி, கால்மணி நேரம் சுட்டோம். பார்வைக்கு அவை கடையில் வாங்கியன போலவே மின்னின. பாட்டியாரும் மெச்சினர்.

மழைக்காலம் கழிந்து சென்று பார்த்தபொழுது, ஏழு கொக்கிகளில் பூச்சு கொப்புளித்திருந்தது. நகத்தாற் கீறியவுடன் தோலாய் உரிந்தது. உள்ளே துரு. ஆராய்ந்து பார்த்ததில், எம்பால் மூன்று பிழைகள் புலனாயின. தூய்மை குறைந்தது, சூட்டை அளவாமல் நம்பியது, அடுப்பை இரவல் கொண்டது. இவற்றை முறையே விளக்குவோம்.

தூய்மை செய்தல்

பூச்சு எத்துணைச் சிறந்ததாயினும், அடியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கின்மேலும் துருவின்மேலும் ஒட்டியது இரும்பின்மேல் ஒட்டியதாகாது. ஆதலின் முதலிற் பிசுக்கை நீக்கி, பின்னர்த் துருவை அகற்றுதல் வேண்டும். இம்முறையை மாற்றிப் பிசுக்கோடு தேய்ப்பின், பிசுக்கு உலோகத்தின் நுண்கீறல்களுள் அழுந்திவிடும். பெரும் பட்டறைகளில் உறுப்புக்களைப் பல தொட்டிகளில் வரிசையாய் அமிழ்த்தி, பிசுக்கு நீக்கி, துரு நீக்கி, அலசி, பாஸ்பேட்டுப் படலம் ஏற்றுவர். இல்லத்தில் கிரீஸ் நீக்கும் நீர்மத்தாற் கழுவி, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெண்மை தோன்றத் தேய்த்து, கடையிற் கிடைக்கும் பாஸ்பேட்டுக் கரைசலை அதன் சீட்டிற் கூறியபடி பயன்படுத்தலாம். கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். தேய்த்த உறுப்பை வெறுங்கையால் தொடுதல் ஆகாது. விரலின் எண்ணெயும் உப்பும் அதிற் பதியும்.

யாம் திண்ணையில் உலர்த்தினோம் என்றோம். அதுவே பெரும் பிழை. தேய்த்த இரும்பு ஆடையற்ற குழவி போன்றது. மூடுபனி தவழும் காலையில் அதன்மேல் ஈரம் படிந்து, கண்ணுக்குப் புலப்படாத இளந்துரு ஒரு மணி நேரத்திற்குள்ளேயே தோன்றிவிட்டது போலும். மறுமுறை, கழுவிய உடனே துணியால் துடைத்து, அடுப்பில் 110 பாகைச் சூட்டில் இருபது நிமிடம் உலர்த்தி, கைச்சூட்டுக்கு ஆறிய உடனே தூவினோம். தூளையும் இறுக மூடிய கலத்தில் வைத்தல் வேண்டும். ஈரம் ஏறிய தூள் கட்டிபட்டு, கருவியின் வாயை அடைக்கும். காற்றழுத்திப் பொறியில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி மலையூரில் இன்றியமையாதது.

வார்ப்பிரும்பு உறுப்பாயின் வேறோர் இடர் உண்டு. அதன் நுண்டுளைகளில் அடங்கிய எண்ணெயும் காற்றும் சுடும்பொழுது வெளிப்பட்டுப் பூச்சிற் குமிழி உண்டாக்கும். ஆதலின் அதனைத் தூவுமுன்னரே, பின்னர்ச் சுடப்போகும் சூட்டினும் சற்று மிகுதியாகச் சுட்டு ஆற்றிக்கொள்ளல் நன்று.

அடுப்பு அமைத்தல்

சிறு கீல், கொக்கி, விளக்குத் தாங்கி முதலியவற்றிற்கு மேசைமேல் வைக்கும் மின்சார ஓவனே போதும். உள்ளே விசிறி உடையதாயின் சிறப்பு. சூடு எங்கும் ஒத்துப் பரவும். எரிவாயு அடுப்பு அறவே கூடாது. காரணம் பின்னர்க் கூறுவோம். 2,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலின் 6 ஆம்பியர்ச் சிறு பிளக்கில் மாட்டாமல், எர்த்து உள்ள 16 ஆம்பியர்ப் பிளக்கில், தனிக் காப்புச் சுவிட்சோடு இணைத்தல் வேண்டும்.

சூடேற்றும் கம்பிகள் செந்தழலாய் ஒளிரும்பொழுது, அவற்றை நோக்கிய பக்கம் கருகவும் மறுபக்கம் வேகாதிருக்கவும் கூடும். கம்பிகளுக்கும் உறுப்புக்கும் இடையே ஒரு தகட்டைத் தடுப்பாக வைப்பின் இக்குறை நீங்கும். உறுப்புக்களைத் தட்டிற் கிடத்தாமல், பூச்சில்லாத வெறுங்கம்பியில் தொங்கவிடல் வேண்டும். அக்கம்பியே தூவும்பொழுது எர்த்து இணைப்பாகவும் உதவும்.

பெரிய உறுப்புக்களுக்குப் பழைய இரும்பு அலமாரியை அடுப்பாக மாற்றுவாரும் உளர். அதற்கு உட்புற வண்ணத்தை முற்றும் சுரண்டி, இரட்டைச் சுவர் அமைத்து, இடையே 75 முதல் 100 மில்லிமீட்டர்க் கனத்தில் பாறைக் கம்பளியைத் திணித்தல் வேண்டும். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாசும், பழைய குளிர்ப்பெட்டியின் நுரைச் சுவரும் தகா. முன்னது நுரையீரலுக்குப் பகை, பின்னது தீக்கு நட்பு. மின்னிணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

சூட்டை அளத்தல்

பலவகைப் பாலியெஸ்டர்த் தூள்கள் 200 பாகையில் 10 நிமிடம் அளவில் இறுகும். ஆயினும் தூட்பெட்டியின் சீட்டில் எழுதியதே பிரமாணம். ஈண்டுக் கருதற்பாலது ஒன்று உண்டு. அவ்வெண் அடுப்பின் சூடன்று, காற்றின் சூடன்று, உலோகத்தின் சூடு. உலோகம் அந்நிலையை எய்திய பின்னரே நிமிடக் கணக்குத் தொடங்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 5 கிலோ இரும்பை 20 பாகையிலிருந்து 200 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 405 கிலோஜூல் வெப்பம் போதும். 2,000 வாட் அடுப்பு இதனை மூன்றரை நிமிடத்திற்குள் ஈந்துவிடும். மின்சாரச் செலவு 0.11 யூனிட்டே. ஆயினும் நடைமுறையில் பலமடங்கு காலம் செல்கின்றது. என்னை? வெப்பத்தின் பெரும்பகுதி அடுப்பின் சுவரைச் சுடுவதிலும் கதவின் இடுக்கால் வெளியேறுவதிலும் கழிகின்றது. எஞ்சியதும் காற்றின் வாயிலாக மெல்லவே இரும்பிற் புகுகின்றது. மெல்லிய கொக்கி விரைந்து சுடும். தடித்த கீல் பிந்திச் சுடும். இரண்டையும் ஒருங்கே இட்டுக் கால்மணி நேரம் என்பது ஒன்றற்கு நீதி, மற்றொன்றற்கு அநீதி.

எனவே, தோல்விக்குப் பின் தர்மோகப்பிள் என்னும் வெப்ப அளவுகோல் ஒன்றை வாங்கினோம். அது சரியானதோ எனச் சோதிக்கக் கொதிநீரில் இட்டோம். 95 எனக் காட்டிற்று. நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்தது. ஆதலின் கருவி பழுதெனக் கொண்ட எம் மாமா, அதனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்க எழுந்தார். யாமும் உடன்பட்டோம். பின்னரே, உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறையக் கொதிநிலையும் தாழும் என்பது நினைவிற்கு வந்தது. ஏற்காட்டின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதிக்கின்றது. அங்குப் பருப்பு வேகத் தாமதிப்பதும் இதனாலேயே. உருகும் பனிக்கட்டியில் இட்டுப் பார்த்தோம். அது மலையிலும் சமவெளியிலும் 0 பாகையே. கருவியும் 0 காட்டிற்று. பழுது கருவியில் இல்லை. எம் எண்ணத்திலே இருந்தது. அன்று ஐந்து பாகை கூட்டிக் கணக்கிடத் தொடங்கியிருப்பின், 195ஐ 200 என நம்பி ஒவ்வொரு முறையும் குறைச்சூட்டிலே நிறுத்தியிருப்போம்.

அக்கருவியின் முனையைக் கொக்கியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தபொழுது உண்மை வெளிப்பட்டது. ஓவனின் முள் 200 காட்டிய வேளையில், கால்மணி நேரம் கழிந்தும் கொக்கி 165 பாகையைத் தாண்டவில்லை. முதல் விடுமுறையில் யாம் சுட்டதாக நினைத்தது பாதி வெந்த சோறு.

அடுப்பை இரவல் கொண்ட பிழை

இனி மூன்றாவது பிழை. தூள் சுடும்பொழுது வெளிப்படும் ஆவிகளும், காற்றிற் பறந்த துகள்களும் அடுப்பின் சுவரிலும் கம்பியிலும் படிகின்றன. பின்னர் அதே அடுப்பில் உணவைச் சுட்டால் அவை உணவிற் கலத்தல் கூடும். சில பாலியெஸ்டர்த் தூள்களை இறுக்க இடப்படும் டி.ஜி.ஐ.சி. என்னும் பொருள் மரபணுவுக்கு ஊறு செய்ய வல்லதென ஐரோப்பாவில் வகுக்கப்பட்டுள்ளது. அஃதில்லாத தூள்களும் கிடைக்கின்றன; அவற்றையே கேட்டு வாங்குதல் நன்று. எத்தூளாயினும் ஒருமுறை இத்தொழிலுக்கு ஆட்பட்ட அடுப்பு மீண்டும் சமையலறைக்குத் திரும்புதல் ஆகாது. எத்துணைத் தேய்த்துக் கழுவினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

இதனை யாம் அறிந்தது டிசம்பர் மாதத் தொடக்கத்தில். பாட்டியார் அதற்குள் முந்திரிப் பழத்தை ஊறவைத்துவிட்டனர். ஓவன் பார்வைக்குத் தூயதாகவே இருந்தது. சொல்லாதிருப்பின் அறிவார் ஒருவரும் இலர். எனினும் எம் மாமாவும் யாமும் அவரிடம் சென்று உண்மையைக் கூறினோம். சற்று நேரம் வாளா இருந்து, "அப்போ இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக்கை எதுல சுடுறது?" என்று மட்டும் கேட்டனர். அவ்வாண்டு எம் இல்லத்தில் கேக்குச் சுடப்படவில்லை. மறு ஆண்டு, எம் உதவிச் சம்பளத்தில் மீந்ததையும் மாமா ஈந்ததையும் கூட்டிப் புதிய ஓவன் ஒன்று வாங்கி வைத்தோம். பழையது இப்பொழுது பின்கட்டுக் கொட்டகையில், 'உணவுக்கு ஆகாது' என்னும் செவ்வெழுத்தோடு நிற்கின்றது. புதிதாய்த் தொடங்குவோர் இச்செவ்வெழுத்தையே முதலில் எழுதிவிடுவாராக.

ஏனைய காப்புக்கள்

காற்றில் மிதக்கும் தூள் தீப்பற்றும். ஒரு கனமீட்டர்க் காற்றிற் சில பதின் கிராம் தூள் பரவியிருப்பினே, சிறு பொறி அதனை வெடிக்கச் செய்யும். எரிவாயு அடுப்பும் சுடரும் கூடா என்றது இதனால். தூவும் இடத்தில் விளக்கோ ஊதுவத்தியோ எரிதல் ஆகாது. தூவும் இடமும் சுடும் இடமும் விலகியிருத்தல் வேண்டும். காற்றோட்டம் வேண்டும், மூக்கையும் வாயையும் நன்கு பொருந்தி மூடும் முகக்கவசமும் வேண்டும். கைக்குட்டை போதாது. சுடும் அடுப்பை விட்டு ஒருவரும் அகலுதல் ஆகாது; அருகில் தீயணைப்புக் கலம் இருத்தல் வேண்டும். மூடிய உட்குழாய், பேரிங்கு, ரப்பர் ஆகியன உள்ள உறுப்புக்களை அடுப்பில் இடற்க. வண்டிச் சக்கரம், பிரேக்கு முதலிய, உயிரைத் தாங்கும் அலுமினிய உறுப்புக்களை இல்லத்திற் சுடவே வேண்டா. மிகுசூட்டால் சில அலுமினியக் கலவைகளின் வலிமை குன்றும்.

சோதனை

சுட்டு ஆறிய பூச்சு மின்னுவதாலேயே வெந்ததென்று கொள்ளலாகாது. உருகியவுடனே மினுமினுப்பு வந்துவிடும். வலிமை பிறகே வரும். தின்னரில் தோய்த்த பஞ்சால் மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்க. பஞ்சில் நிறம் மிகுதியாய் ஏறினும், பூச்சு மென்மையாகிப் பிசுபிசுப்பினும், வேகவில்லை என அறிக. உடன்சுட்ட வீண்துண்டு ஒன்றில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுக்க. கட்டங்கள் பெயர்ந்து வரின் அடித்தூய்மை போதாது. முதற்சோதனை சூட்டைக் காட்டும். இரண்டாவது தூய்மையைக் காட்டும்.

முடிவுரை

இரண்டாம் விடுமுறையில் பூசிய கொக்கிகள் ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிட்டன. பதினொன்று பழுதின்றி உள்ளன. ஒன்றில் மட்டும் கூரிய விளிம்பு ஒன்றின்மேல் துருவின் புள்ளி தோன்றியுள்ளது. கூர்விளிம்பை அரத்தால் மழுக்கிய பின்னரே தூவுதல் வேண்டும் என்பதை அது கற்பித்தது. உருகும் பூச்சு கூர்மையான விளிம்பை விட்டு விலகி மெலிதலே அதன் காரணம்.

வெள்ளையடித்த கல்லறைகளைக் குறித்து நம் ஆண்டவர் கூறிய உவமையைச் சிறுவயது முதல் ஞாயிறு தோறும் கேட்டு வளர்ந்தோம். பன்னிரண்டு கொக்கிகளைப் பூசிக் கெடுத்த பின்னரே அதன் பொருள் எமக்குச் சற்று விளங்கிற்று. மலைத்தோட்டங்களில் வாழும் நம் பழைய மாணவர் எவரேனும் இம்முயற்சியை மேற்கொள்வராயின், உறுப்பை உலர்த்திய உடனே தூவுக. உலோகத்தின் சூட்டையே அளக்க. பாட்டியாரின் ஓவனை அவரிடமே விட்டுவிடுக.